வால்சக்கரத்தில் சந்தனம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தப் பெண் விமானத்தைத் தரையிறக்கிய ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் தெரிந்துவிடும் என்று மற்றவர்களைவிட நாலு தட்டு கூடவே தட்டினேன்.

விமானம் என்றதும் ஆள் ஏறிப் போகிற விமானத்தை நினைக்க வேண்டாம். ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் பிளான்ட் ஒன்றில் பதினைந்து வருஷம் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். அங்கே கேரம், கிரிக்கெட், மெல்லிசை என்று ஆளுக்கொரு கிளப் உண்டு. நான் ஆபீஸில் கேட்டுக் கேட்டு வாங்கியது ரிமோட்டில் பறக்கிற சின்ன விமானங்களுக்கான கிளப். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐந்தடி இருக்கும். லேசான கட்டையும் தெர்மாகோலும் வைத்து நாமே செய்வது. பேட்டரியில் ஓடும். எட்டுப் பேர் சேர்ந்தோம். ஓவர்டைம், கல்யாணம், முதுகுவலி என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொள்ள, கொஞ்ச நாளில் உருப்படியாகப் பறக்கவிடத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்றாயிற்று. அந்த நிலைமை எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

என் விமானத்துக்கு மூக்குச்சக்கரம். மூக்குக்குக் கீழே ஒன்று, இறக்கைக்கு அடியில் கொஞ்சம் பின்தள்ளி இரண்டு, ஆக மூன்று. தரையில் மட்டமாக, மரியாதையாக நிற்கும். ஓட்டக் கற்றுக்கொடுக்கும் நிஜமான சின்ன விமானங்களும் இன்றைக்குப் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன என்பதில் எனக்குப் பெருமை. ஏதோ நான் சொல்லித்தான் அப்படிச் செய்கிறார்கள் என்பதுபோல.

அப்போது நாங்கள் பறக்கவிட்டது வடக்குப்பட்டுப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய பெட்ஷீட்டில் எதையோ சுற்றி அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். எங்கள் பிளான்ட் டிரெய்னிதான். லைனில் ஒயரிங் மாட்டுகிறவள். இருபத்திரண்டு வயதிருக்கும். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து டிப்ளமோ முடித்துவிட்டு வந்து, வடக்குப்பட்டில் நாலைந்து பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். பெட்ஷீட்டைப் பிரித்தாள். உள்ளே ஒரு விமானம். மூக்கு வானத்தைப் பார்க்க, வால் தரையில் பதிய, முட்டி போட்டு உட்கார்ந்ததுபோல இருந்தது.

"இன்னாம்மா இது, வால்ல சக்கரம் வெச்சினு வந்துகீற?" என்றேன்.

"இது இப்படித்தான்ணே. முன்னால ரெண்டு பெரிய சக்கரம், வால்ல ஒரு குட்டிச் சக்கரம்."

"எறங்கினா சுத்திக்கினு போயிடும்மா."

"சுத்தும்ணே. பாத்துக்கிடுதேன்."

ஏன் சுற்றும் என்று தெரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். எங்கள் பிளான்ட்டில் டிராலி தள்ளியவர்கள் எல்லாருக்கும் தெரியும். டிராலியில் இரண்டு சக்கரம் திரும்பாது, இரண்டு திரும்பும். திரும்புகிற சக்கரம் முன்னால் போகும்படி தள்ளிவிட்டுக் கையை எடுத்தால் டிராலி நேராகப் போய் நிற்கும். திரும்பாத சக்கரம் முன்னால் போகும்படி தள்ளிவிட்டால், பத்தடி போவதற்குள் பின்னாலிருக்கும் சுமை முன்னால் வரப் பார்க்கும். டிராலி அரை வட்டம் அடித்து நம்மையே பார்த்து நிற்கும். என் விமானம் முதல் வகை. கனம் முன்னால், பெரிய சக்கரங்கள் பின்னால் இழுபட்டு வரும். கொஞ்சம் கோணலாக இறங்கினாலும் தானே நேராகிவிடும். அவளுடையது இரண்டாவது வகை. பெரிய சக்கரங்கள் முன்னால், கனம் அவற்றுக்குப் பின்னால். நேராக இருக்கும்வரை நேர். ஒரு விரற்கடை கோணினால் இன்னும் கோணத்தான் பார்க்கும். இறங்கி, ஓடி, நிற்கும்வரை ரிமோட்டிலிருந்து கவனத்தை எடுக்க முடியாது.

அன்றைக்கு முதலில் நான் பறக்கவிட்டேன். ஏரியில் தண்ணீர் வற்றும்போது மாடுகள் நடந்து, குளம்புகள் சேற்றில் பதிந்து, அப்படியே காய்ந்து கல்லாகியிருந்தது. இறங்கும்போது என் மூக்குச்சக்கரம் ஒரு குளம்புக் குழியில் மாட்டியது. கம்பி பின்னால் மடங்கி, விமானம் மூக்கால் மண்ணை உழுதது. வாராவாரம் நடப்பதுதான். பையில் அதற்கென்றே குறடு வைத்திருந்தேன். உட்கார்ந்து கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தபோது அவள் தன்னுடையதை இறக்கினாள்.

மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினாள். வேகம் செத்துக்கொண்டே வந்தது. இனிமேல் பறக்க முடியாது என்கிற இடத்தில், தரைக்கு ஒரு சாண் மேலிருந்து மெல்ல அமர்ந்து, மூன்று சக்கரமும் ஒரே சமயத்தில் மண்ணைத் தொட்டன. குளம்புக் குழிகள்மேல் தடதடவென்று ஏறி இறங்கி ஓடி நின்றது. ஒரு கீறல் இல்லை.

"இந்த மாதிரி எடத்துக்கு வால்சக்கரந்தாண்ணே தோது" என்றாள். "மூக்குல ஒடையுறதுக்கு ஒண்ணும் இல்ல. முன்னால சுத்துத விசிறியும் உயரத்துல நிக்கும், மண்ணுல இடிக்காது."

சொன்னதில் கொஞ்சம் கர்வம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். இல்லை. என்னிடமிருந்து குறடு வாங்கி, என் கம்பியை அவளே நிமிர்த்தியும் கொடுத்தாள்.

ஆடியில் நிலைமை மாறியது. பிளான்ட்டுக்குப் பின்னால் தீயணைப்பு வண்டி சுற்றிவர என்று நீளமாக ஒரு தார் ரோடு போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் பறக்கவிடலாம் என்று அனுமதியும் வந்தது. தாரைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. இனி நம் காலம் என்று நினைத்தேன். வழவழப்பான ரோடு மூக்குச்சக்கரத்துக்குச் சொர்க்கம். வால்சக்கரத்துக்கு அப்படி இல்லை. தார் இறுகப் பிடிக்கும், கோணலை மன்னிக்காது. போதாததற்கு அந்த ரோட்டில் பக்கவாட்டில் காற்று அடிக்கும், நிமிர்ந்த வாலில் காற்று பட்டால் மூக்கைக் காற்றுப் பக்கமாகத் திருப்பிவிடும். மூக்குச்சக்கரம் அதைச் சமாளித்துக்கொள்ளும். வால்சக்கரத்துக்கு ஆளின் கைதான் சமாளிக்க வேண்டும்.

அவளுடைய விமானம் சுற்றாதா என்று ஞாயிறுதோறும் காத்திருந்தேன். சுற்றியது. முதல் ஞாயிறு இரண்டு முறை, அடுத்த ஞாயிறு ஒரு முறை. ஓடிப்போய் ஆறுதல் சொன்னேன். "வுடும்மா, இதெல்லாம் சகஜம்." அந்த இரண்டு ஞாயிறும் மத்தியானச் சாப்பாடு எனக்கு ருசியாக இருந்தது. மூன்றாம் வாரத்திலிருந்து சுற்றுவது நின்றுவிட்டது. காற்று அடிக்கிற பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, அந்தப் பக்கத்துப் பெரிய சக்கரத்தை முதலில் வைத்து, அடுத்ததை வைத்து, கடைசியில் வாலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். நான் எண்ணவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பொறுக்காமல், "கொஞ்சம் குடும்மா, நானும் பாக்கறேன்" என்று அவள் ரிமோட்டை வாங்கினேன். மேலே போனது, ஒரு சுற்று வந்தது, இறங்கியது. இறங்கின வேகத்தில் வால் வெளியே வீசி, விமானம் பம்பரமாகச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. நல்ல வேளை, எதுவும் உடையவில்லை.

"முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான்ணே" என்றாள் அவள்.

அந்த 'முதல்ல' என்ற சொல் ஒரு வாரம் என் தொண்டையில் நின்றது. யாருக்கு முதல்? கிளப்பை ஆரம்பித்தவனுக்கா?

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி மணிமங்கலத்துக்காரி, எதையும் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியாதவள். ஒரு ஞாயிறு இட்லி கட்டிக்கொண்டு வந்தவள் கடைசிவரை நின்று பார்த்தாள். ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது, "அந்தப் பொண்ணு எறக்கறது நல்லாகீதுங்க. பாத்துக்கினே இருக்கலாம்" என்றாள்.

"என்னுது?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்களுதும் எறங்குது."

வீடு வரை ஸ்கூட்டரைக் கொஞ்சம் வேகமாகவே விரட்டினேன். அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

புரட்டாசியில் ஒரு செய்தி வந்தது. தண்டலம் பக்கம் எங்கள் கம்பெனியின் டிரெய்னிங் சென்டர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு விசை, எடை, சமநிலை எல்லாவற்றையும் இந்தச் சின்ன விமானங்களை வைத்துச் சொல்லித்தர அங்கே ஒரு ஆள் வேண்டும், நிரந்தர வேலை, ஆயுத பூஜை அன்று சென்டரின் தலைவர் பிளான்ட்டுக்கு வந்து எங்கள் இரண்டு பேர் பறக்கவிடுவதையும் பார்த்து ஒருவரை எடுப்பார் என்றார்கள்.

அவள் கேன்டீனில் என்னைத் தேடி வந்தாள். "அண்ணே, டிசம்பரோட என் டிரெய்னிங் முடியுது. அதுக்கப்புறம் ஊருக்குத்தான் போகணும். இது மட்டும் கெடச்சிருச்சுன்னா இங்கனயே இருந்துருவேன்."

"நிச்சயமா கெடைக்கும்மா. உன்ன வுட்டா யாரு இருக்கறாங்க" என்றேன்.

நான் நிரந்தர வேலைக்காரன். பிளான்ட்டில் எனக்கென்று மேசை இருந்தது, மரியாதை இருந்தது. அந்த வேலை எனக்குத் தேவையே இல்லை. ஆனால் அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்று இருந்தது. வெட்கமாக இருந்தாலும் உள்ளது அதுதான். சென்டரில் அவள் நிற்க, புதுப் பிள்ளைகள் சுற்றி நின்று 'மேடம், மேடம்' என்று கேட்பதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எங்கள் பிளான்ட்டில் சந்தனம் வைக்கிற பொறுப்பு என்னுடையது. மிஷின், ஃபோர்க்லிஃப்ட், டிராலி, பஸ், எல்லாவற்றுக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு நான்தான் போவேன். முன்பெல்லாம் ஃபோர்க்லிஃப்ட் ஓடிய குலுக்கலில் சந்தனம் காய்ந்து மறுநாளே உதிர்ந்துவிடும். டிரைவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சந்தனப் பொடியில் பன்னீரோடு, தச்சுவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையையும் கொஞ்சம் கலந்துவிடுவது. அடுத்த பூஜை வரை பொட்டு அசையாது. நல்ல யோசனை என்று எனக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசுகூடக் கொடுத்தார்கள். அதிலிருந்து பிளான்ட் முழுக்க அந்தச் சந்தனம்தான்.

அந்த வருஷமும் காலை எட்டரைக்குத் தட்டோடு கிளம்பினேன். ஃபோர்க்லிஃப்ட்டுகளில் வாழைக்கன்று கட்டியிருந்தது. இரண்டு விமானங்களையும் ஒரு மேசைமேல் வைத்து மாலை போட்டிருந்தார்கள். என்னுடையதில் மூக்குச்சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டில் பொட்டு வைத்தேன். சக்கரம் திரும்புகிற அச்சில் வைக்கவில்லை, அது இறுகிவிடும் என்று எனக்குத் தெரியும். அடுத்து அவளுடையது. பெரிய சக்கரங்களில் வைத்தேன். வாலுக்கு வந்தேன். வால்சக்கரம் ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அதைத் தாங்கித் திரும்புகிற கவடு இன்னும் சின்னது. விரல் நிறைய எடுத்து, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வைக்கிற மாதிரியே ஈஷினேன். மேலே குங்குமம்.

வேண்டுமென்றே செய்தேனா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். இல்லை என்றுதான் நினைக்கிறேன். நூறு வண்டிக்கு வைக்கிற கை, நூற்றியொன்றாவதற்கும் வைத்தது. ஆனால் என் விமானம் என்றதும் அதே கைக்கு எப்படி விஷயம் தெரிந்தது?

பூஜை முடிந்தது, பூசணிக்காய் உடைத்தார்கள், பொரி கொடுத்தார்கள். வெயில் ஏறியது. பதினோரு மணிக்கு எல்லாரும் குடும்பத்தோடு தார் ரோட்டுக்கு வந்தார்கள். சென்டர் தலைவருக்கு நாற்காலி போட்டிருந்தது. என் மனைவியும் வந்திருந்தாள். நான் முதலில் பறக்கவிட்டேன். நேராக ஓடி, நேராகப் பறந்து, நேராக இறங்கியது. கைதட்டினார்கள், எல்லாருக்கும் தட்டுகிற மாதிரி.

அடுத்து அவள். எங்கள் கிளப்பில் ஒரு விதி உண்டு, நானே எழுதி ஒட்டியது. விமானம் கிளம்புவதற்கு முன் இன்னொருவர் பின்னால் குந்தி வாலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுகிறவர் ரிமோட்டில் ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டுவார். வாலைப் பிடித்தவர் எல்லாம் அசைகிறதா என்று பார்த்து 'சரி' என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் விமானம் கிளம்பலாம். இருந்தது நாங்கள் இரண்டே பேர். ஆகவே நான் குந்தினேன்.

அவள் பத்தடி தள்ளி நின்று விசையைத் தள்ளினாள். வாலில் நிமிர்ந்து நிற்கும் சுக்கான் பலகை இடம், வலம் என்று அழகாக அசைந்தது. அவள் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சரி. அந்தப் பலகையையும் வால்சக்கரத்தையும் இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் இணைக்கின்றன. பலகை திரும்பினால் ஸ்பிரிங் இழுத்துச் சக்கரமும் திரும்ப வேண்டும். என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் ஸ்பிரிங் இழுபட்டது, தளர்ந்தது, இழுபட்டது. சக்கரம் அசையவில்லை. என் சந்தனம் கவட்டுக்குள் சிமென்ட் மாதிரி இறுகி, சக்கரத்தை லேசாக ஒரு பக்கம் கோணலாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சரியாண்ணே?" என்று கேட்டாள்.

நகத்தால் ஒரு கீறு கீறியிருந்தால் போதும். நான் சென்டர் தலைவரைப் பார்த்தேன், என் மனைவியைப் பார்த்தேன். அவள் பொரி கொறிப்பதை நிறுத்திவிட்டு ஆவலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பறக்கவிட்டபோது அவள் நிறுத்தவில்லை.

"சரி" என்றேன், சத்தமாக, விதிப்படி.

வாலை விட்டேன். விமானம் கிளம்பிய உடனே ஒரு பக்கமாக வெட்டியது. அவள் சுக்கானால் பிடித்துவிட்டாள். அதற்குள் வேகம் வந்து வால் மேலே எழும்பிவிட்டது. தரையை விட்டு எழும்பிய வாலுக்குச் சக்கரம் இறுகினால் என்ன, இறுகாவிட்டால் என்ன. ஏறிப் போயிற்று. ஐந்து நிமிஷம் பறந்தது. அந்த ஐந்து நிமிஷமும் அவள் பக்கத்தில், நெஞ்சுக்கு நேராக ரிமோட்டைப் பிடித்து வானத்தைப் பார்த்து நின்ற அவள் பக்கத்தில், நான் நின்றேன். 'வால்சக்கரம் இறுகிக்கீதும்மா, ரோட்டுல வெக்காத, பக்கத்துப் புல்லுல எறக்கு.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒரு மூச்சு. ஐந்து நிமிஷத்தில் ஒரு மனிதன் எத்தனை மூச்சு விடுகிறான்.

இறக்கினாள். அவள் இறக்கியதிலேயே அழகானது அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். மூன்று சக்கரமும் சேர்ந்து தாரைத் தொட்டன, சத்தமே இல்லை. கூட்டத்தில் யாரோ 'அட' என்றார்கள். அடுத்த நொடி கோணல் சக்கரம் தாரைப் பிடித்தது. வால் வெளியே வீசியது. அவள் சுக்கானை எதிர்ப்பக்கம் முழுக்கத் திருப்பினாள், அவள் கட்டை விரல் வெளுத்ததை நான் பார்த்தேன். பலகை திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. இறக்கை நுனி தாரில் குத்தி, விமானம் குட்டிக்கரணம் போட்டு, இறக்கை இரண்டாக ஒடிந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சென்டர் தலைவர் எழுந்து வந்து, "வால்ல சக்கரம் வெச்சா இதுதான் பிரச்சினை. கத்துக்கறவங்களுக்கு மூக்குல இருக்கறதுதான் சேஃப்" என்றார். அவள் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தாள். வால் பகுதியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார் அவர்.

"என் கைத்தப்புதான் சார்" என்றாள்.

பத்து நாளில் எனக்குக் கடிதம் வந்தது. சென்டர் வேலை எனக்கு. 'வேண்டாம், அந்தப் பெண்ணுக்குக் கொடுங்கள்' என்று சொல்ல வாய்வரை வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. மனைவியிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "அப்போ அந்தப் பொண்ணு?" என்றாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று நானே உள்ளே போனேன்.

சென்டரில் டிராலி தள்ளிக் காட்டிப் பாடம் நடத்துகிறேன். எல்லாருக்கும் புரிகிறது. விமானம் கிளம்பும் முன் வாலைப் பிடித்துக் குந்துகிறேன். "சரியா சார்?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் திருப்பிப் பார்த்த பிறகுதான் சொல்கிறேன். கண்ணால் பார்த்தால் போதாதா என்று ஒரு பெண் கேட்டாள். போதாது என்றேன்.

டிசம்பர் கடைசியில் அவள் எனக்கு போன் செய்து, ஊருக்குப் போகிறேன், ஒரகடம் கூட்ரோட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். போனேன். தாம்பரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். ஒரு பெட்டி, ஒரு பை, அதே பழைய பெட்ஷீட்.

"ரயில்ல இத வெக்க எடம் கெடையாதுண்ணே. நீங்க வெச்சிக்கிடுங்க. பிள்ளைகளுக்குக் காட்டலாம்லா" என்று நீட்டினாள். இறக்கையை ஒட்டியிருந்தாள், ஒட்டுத் தெரியவில்லை. "வால்சக்கரம் மட்டும் புதுசு. பழசு இறுகிப்போச்சு."

வாங்கிக்கொண்டேன். "எதுனால?" என்றேன்.

"சந்தனந்தாண்ணே. அன்னைக்குப் பொறுக்கும்போதே பாத்தேன். திரும்பவே இல்ல."

"அப்ப ஏம்மா கைத்தப்புன்னு சொன்ன?"

"சந்தனம்னு சொன்னா உங்க மேலல்லா வரும். பசை கலக்குதது நீங்கதான்னு எல்லாருக்கும் தெரியும். சாமிக்கு வெச்சத அத்தனை பேரு முன்னால எப்படிண்ணே சொல்ல?" என்றாள். அப்புறம் எனக்கு ஆறுதல் சொல்கிறவள்போல, "சின்னச் சக்கரம், கண்ணுல படாதுண்ணே. நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீங்கள்லா" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன்.

பஸ் வந்தது. பெட்டியை நான் ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கையாட்டினாள். பஸ் படப்பை ரோட்டில் மறைகிறவரை விமானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விமானம் இறக்குவதில் மட்டும்தான் அவள் என்னைவிட மேல் என்று அதுவரை நினைத்துப் பொறாமைப்பட்டிருந்தேன். பெட்ஷீட்டை விலக்கி, புது வால்சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தேன். லேசாக, இரண்டு பக்கமும் திரும்பியது.